பழித்தூண்: ஒரு பழைய நாவலும் நம் ஊரடங்குக் காலமும்

சென்ற தவக்காலத்தில் நம் பங்கின் வாசகர் வட்டத்தில் ஒரு விவாதம் மூண்டது. 2020 ஆம் ஆண்டின் ஊரடங்கு சரியா, தவறா என்பதே பொருள். அரசு அன்று கதவுகளை அடைத்திராவிட்டால் நம்மில் சிலர் இன்று கல்லறைத் தோட்டத்தில் இருந்திருப்போம் என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அந்த ஆண்டில் தம் சிறு கடையை இழந்த இளைஞரோ, நோய் தம் வீட்டுக்கு வரவே இல்லை, விதிதான் வந்தது என்றார். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் ஏறவில்லை. இறுதியில் இருவரும் பங்குத்தந்தையின் முகத்தைப் பார்த்தார்கள். தீர்ப்புச் சொல்ல நமக்கு நா எழவில்லை. அதன் காரணத்தை இக்கட்டுரையின் இறுதியில் சொல்வோம்.

அன்றிரவு, குருமட நாள்களில் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்திருந்த ஒரு பழைய நாவலை அலமாரியிலிருந்து எடுத்தோம். கொள்ளைநோயையும் அரசாங்கத்தின் கையாளுகையையும் மக்களின் மனநிலையையும் இவ்வளவு கூர்ந்து பார்த்த இலக்கியம் வேறொன்று உண்டா என்பது நமக்கு ஐயமே. அந்நாவலை இன்று எவ்வாறு படிப்பது, அதைக் கொண்டு நம் விவாதத்தை எவ்வாறு அளப்பது என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பணி.

நாவலும் நாவலாசிரியரும்

அலெசாந்திரோ மன்சோனி 1785 இல் மிலான் நகரில் பிறந்தவர். குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி நூலெழுதி, சித்திரவதைக்கு எதிராகக் குரல் கொடுத்த பெக்காரியாவின் மகள் வயிற்றுப் பேரர். இளமையில் விசுவாசத்தை விட்டு விலகி நின்றவர், 1810 இல் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பினார். 'இ ப்ரொமெஸி ஸ்போஸி' என்னும் அவரது நாவல் 1827 இல் வெளிவந்தது. நிச்சயிக்கப்பட்ட மணமக்கள் என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். மொழிநடையை முற்றாகத் திருத்தி, 1840க்கும் 1842க்கும் இடையில் அதை மீண்டும் வெளியிட்டார். 1873 இல் அவர் மறைந்தபோது, அவர் நினைவாக இசைமேதை வெர்தி இறந்தோர் திருப்பலிக்கான தம் பேரிசைப் படைப்பை இயற்றினார். 2015 இல் திருத்தந்தை பிரான்சிஸ், திருமணத்திற்கு ஆயத்தமாகும் இளையோர் இந்நாவலைப் படிக்க வேண்டும் என்று பொதுச் சந்திப்பில் பரிந்துரைத்தார்.

கதை எளிது. ஸ்பானிய ஆட்சியின்கீழ் இருந்த லொம்பார்தி நாட்டில், ரென்சோ என்னும் நெசவுத் தொழிலாளிக்கும் லூசியா என்னும் ஏழைப் பெண்ணுக்கும் திருமணம் நிச்சயமாகிறது. பெண்மீது கண்வைத்த நிலக்கிழான் ஒருவன், திருமணத்தை நடத்தக் கூடாது என்று பங்குத்தந்தை தொன் அபோந்தியோவை மிரட்டுகிறான். அவர் அஞ்சிப் பின்வாங்க, மணமக்கள் பிரிகிறார்கள். பஞ்சமும் போரும் கொள்ளைநோயும் கடந்தபின்னரே அவர்கள் மீண்டும் ஒன்றுசேர்கிறார்கள்.

முப்பத்தொன்றாம், முப்பத்திரண்டாம் அதிகாரங்களில் ஆசிரியர் கதைமாந்தரை ஓரமாக நிறுத்திவிட்டு, 1630 இல் மிலானைத் தாக்கிய கொள்ளைநோயின் வரலாற்றைப் பழைய ஆவணங்களிலிருந்து எடுத்துரைக்கிறார். கவிஞரை வரலாற்றாசிரியர் விழுங்கிவிட்டார் என்று கெதே குறைபட்டது இத்தகைய பகுதிகளை எண்ணித்தான். 2020 க்கு முன் படித்தபோது நாமும் இப்பக்கங்களை விரைந்து புரட்டியவர்களே. இப்போது புரட்ட முடியவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் நோய் லொம்பார்தியில் பரவத் தொடங்கி, பள்ளிகள் மூடப்பட்டபோது, மிலான் நகரப் பள்ளித் தலைவர் ஒருவர் தம் மாணவருக்கு எழுதிய மடலில் முதலில் சுட்டிக்காட்டியதும் இவ்வதிகாரங்களையே.

காலந்தாழ்ந்த ஆணை

1629 ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். மாந்துவா நகர முற்றுகைக்குப் புறப்பட்ட ஜெர்மானியப் படை லொம்பார்தியின் ஊர்கள் வழியே இறங்கிச் சென்றது. படை கடந்த வழியெங்கும் சாவு விழுந்தது. நலவாழ்வு மன்றத்தின் மருத்துவரான தாதினோ நேரில் சென்று பார்த்து, இது கொள்ளைநோயே என்று அறிவித்தார். செய்தி ஆளுநர் ஸ்பினோலாவிடம் போயிற்று. அவர் வருந்தினார். ஆனால் போரின் கவலைகள் அதைவிட அவசரமானவை என்று சொல்லிவிட்டார். நவம்பர் 18 அன்று, ஸ்பெயின் மன்னருக்கு இளவரசர் பிறந்ததைக் கொண்டாடப் பொதுவிழா எடுக்குமாறு ஆணையும் பிறப்பித்தார்.

வெளியிலிருந்து வருவோர் உடல்நலச் சீட்டு இல்லாமல் நகருக்குள் நுழையக் கூடாது என்ற விதியை மன்சோனி நாள் குறித்தே காட்டுகிறார். முடிவெடுத்த நாள் அக்டோபர் 30. எழுதப்பட்ட நாள் நவம்பர் 23. வெளியிடப்பட்ட நாள் நவம்பர் 29. அதற்குள் நோய் நகருக்குள் நுழைந்துவிட்டிருந்தது. இத்தேதிகளை அடுக்கிவிட்டு அவர் அதிகம் பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை.

மக்களும் ஆளுநருக்குச் சளைத்தவர்கள் அல்லர். எண்பது வயதை நெருங்கிய மருத்துவப் பெரியவர் செத்தாலா, நோயாளிகளைக் காணப் பல்லக்கில் சென்றபோது கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. ஊரை வீணே அச்சுறுத்துபவர் இவரே என்று கூச்சலிட்டது. பல்லக்குச் சுமந்தோர் அருகிலிருந்த நண்பர் வீட்டுக்குள் புகுந்து அவரைக் காத்தனர். இதைப் படிக்கையில் 2020 ஏப்ரல் 19 ஆம் நாள் இரவு நம் கண்முன் வருகிறது. கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யச் சென்றவர்கள்மீது கல்லும் கட்டையும் வீசப்பட்டன. ஆம்புலன்ஸின் கண்ணாடி நொறுங்கியது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரே தம் கையால் மண்ணள்ளிப் போட்டு அந்த அடக்கத்தை முடிக்க நேர்ந்தது.

மன்சோனி இங்கே நிறுத்தியிருந்தால், அறிவாளிகள் ஒருபுறம், மூடர்கள் மறுபுறம் என்ற எளிய கணக்கில் நாம் மகிழ்ந்திருப்போம். அவர் அப்படி விடவில்லை. கூட்டத்தின் அறியாமைக்கு இலக்கான அதே செத்தாலா, வேறொரு சமயம், எசமானனுக்கு வந்த வயிற்றுவலிக்காக ஓர் ஏழைப் பெண்ணைச் சூனியக்காரி என்று வதைத்து எரிக்கத் தம் கருத்தால் துணைநின்றார் என்பதையும் சொல்லிவிடுகிறார். கற்றவர் ஒன்றில் சரியாக இருப்பதால் எல்லாவற்றிலும் சரியாக இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. கொள்ளைநோய் ஒரு பொருளும் அன்று, பொருளின் பண்பும் அன்று, ஆகவே அது இருக்கவே முடியாது என்று அரிஸ்டாட்டிலைக் கொண்டு நிறுவி, அதே நோயில் படுத்து இறந்த தொன் பெரந்தே என்னும் பாத்திரம் இந்நாவலின் கசப்பான நகைச்சுவை. 2020 இல் கைப்பேசிதோறும் நமக்குப் பாடம் நடத்திய தொன் பெரந்தேக்களை நாம் மறந்துவிடவில்லை.

கேட்டுப் பெற்ற பவனி

கத்தோலிக்க வாசகர் நின்று படிக்க வேண்டிய பகுதி இது. நோய் முற்றியபோது, புனித சார்லஸ் பொரோமேயுவின் திருவுடலை நகரெங்கும் பவனியாக எடுத்துச்செல்ல வேண்டும் என்று நகரத் தலைவர்கள் பேராயரை வேண்டினர். பேராயர் கர்தினால் பெதெரிகோ பொரோமேயோ அப்புனிதரின் உறவினர், கற்றவர், நோயாளிகளை விட்டு ஓடாதவர். அவர் முதலில் மறுத்தார். பெருங்கூட்டம் நோயைப் பரப்பும் என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. மீண்டும் மீண்டும் கேட்டார்கள். இறுதியில் இசைந்தார். 1630 ஜூன் 11 அன்று பவனி நகரின் எல்லாப் பகுதிகளையும் சுற்றிவந்தது. மறுநாளிலிருந்து சாவு எல்லா வகுப்பாரிடையிலும் எல்லாத் தெருக்களிலும் திடீரெனப் பெருகியது.

காரணம் கண்ணெதிரே இருந்தது. ஆனால் மக்கள் அதைப் பார்க்கவில்லை. அத்தனை பெரிய கூட்டத்தில் நோயைப் பூசுவோர் புகுந்து தங்கள் நஞ்சைத் தாராளமாகப் பூசிவிட்டனர் என்றார்கள். சுவர்களிலும் கதவுகளிலும் இரகசியமாக நச்சுக் களிம்பு பூசி நோயைப் பரப்பும் கூட்டம் ஒன்று உண்டு என்ற நம்பிக்கை ஏற்கெனவே ஊரைப் பிடித்திருந்தது. அவர்களை 'உந்தோரி' என்றார்கள். பூசுவோர் என்பது பொருள். நோயில்பூசுதல் என்னும் அருட்சாதனத்தின் பெயரைத் தன் மொழியில் கொண்ட நமக்கு இச்சொல் முள்ளாகத் தைக்கிறது. எண்ணெய் பூசும் கை ஆறுதலின் அடையாளம். அச்சம் பிடித்த ஊரில் அதே செயல் கொலைக்குற்றமாகிவிட்டது.

கர்தினாலை மன்சோனி மென்மையாகவே நடத்துகிறார். நமது கருத்தில், சற்று மிகுதியான மென்மை. எனினும் உண்மையை மறைக்கவில்லை. திருச்சபையை நேசித்த ஒருவர், திருச்சபை தவறிய இடத்தை நாள் குறித்து எழுதியிருக்கிறார். விசுவாசிகளின் விமரிசனம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

கர்தினாலின் திண்டாட்டம் 2020 இல் அதே நாட்டில் திரும்பி வந்தது. மார்ச் 12 அன்று உரோமைக் கோவில்கள் அனைத்தையும் மூடுமாறு திருத்தந்தையின் பதிலாளான கர்தினால் ஆணையிட்டார். கடுமையான நடவடிக்கைகள் எப்போதும் நல்லவையல்ல என்று மறுநாள் காலைத் திருப்பலியில் திருத்தந்தை சொன்னார். அன்றே ஆணை தளர்த்தப்பட்டது. ஏப்ரல் 26 அன்று, மக்களோடு திருப்பலி நிறைவேற்ற அரசு இன்னும் வழிவிடவில்லை என்று இத்தாலிய ஆயர் பேரவை வெளிப்படையாகக் கண்டித்தது. இரண்டு நாள் கழித்து, விதிகளுக்குப் பணியும் விவேகத்தை மக்களுக்குத் தருமாறு அதே திருத்தந்தை இறைவனை வேண்டினார். மே 18 இல் மக்களோடான திருப்பலிகள் மீண்டும் தொடங்கின. திருத்தந்தை முன்னுக்குப்பின் முரணாகப் பேசினார் என்று இருதரப்பினரும் குறைகூறினர். நமக்கு அது முரணாகப் படவில்லை. கதவை அடைப்பவனுக்கு அடைபட்டோரை நினைவூட்டினார். திறக்கச் சொல்பவனுக்கு நோயாளியை நினைவூட்டினார்.

பழித்தூண்

நாவலின் திருத்திய பதிப்போடு மன்சோனி ஒரு தனி வரலாற்று நூலையும் சேர்த்து வெளியிட்டார். பழித்தூணின் வரலாறு என்பது அதன் பெயர். நம் விவாதத்தின் திறவுகோல் அந்நூலில் இருக்கிறது.

1630 ஜூன் 21 விடியற்காலை, மழையில் ஒருவன் சுவரோரமாக நடந்துபோவதையும் அவன் கை சுவரில் படுவதையும் சன்னல் வழியே ஒரு பெண் கண்டாள். பூசுகிறான் என்றாள். அவன் பெயர் பியாட்சா. நலவாழ்வு மன்றத்தின் அலுவலன். பிடித்து வதைத்தார்கள். பொறுத்துக்கொண்டான். உண்மையைச் சொன்னால் விடுதலை என்று ஆசை காட்டினார்கள். உடைந்துபோய், நோய்க்குக் காப்புக் களிம்பு செய்து விற்ற மோரா என்னும் நாவிதரின் பெயரைச் சொன்னான். மோராவும் வதையில் ஒப்புக்கொண்டார். ஆகஸ்டு 1 அன்று இருவரும் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். மோராவின் வீடு இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் அவர் குற்றத்தை என்றென்றும் அறிவிக்க ஒரு தூண் நிறுத்தப்பட்டது. ஊருக்கு நினைவூட்ட எழுப்பிய அத்தூணே பிற்காலத்தில் நீதிமன்றத்தின் இழிவுக்குச் சாட்சியாயிற்று. 1778 இல் அது அகற்றப்பட்டது.

இதே வழக்கில், கோட்டைத் தளபதியின் மகனான பெருங்குடிக்காரர் ஒருவரும் குற்றஞ்சாட்டப்பட்டார். அவருக்கு வழக்கறிஞரும் வாதாட வாய்ப்பும் கிடைத்தன. விடுதலையானார். நாவிதருக்கு அது கிடைக்கவில்லை.

மன்சோனிக்கு முன்பே, பியெத்ரோ வெர்ரி என்னும் அறிஞர் இவ்வழக்கை ஆராய்ந்திருந்தார். சித்திரவதை என்னும் முறையும் அக்காலத்தின் அறியாமையுமே குற்றவாளிகள் என்பது அவர் முடிவு. மன்சோனி அவரை மதித்து மறுக்கிறார். அந்த நீதிபதிகள் தம் காலத்துச் சட்டத்தையே மீறினார்கள். போதிய சான்றின்றி வதைத்தார்கள். சட்டம் அனுமதிக்காத வாக்குறுதி கொடுத்தார்கள். நோய் பூசுவோர் உண்டு என்று நம்பிய நிலையிலும் இவ்விருவர் நிரபராதிகள் என்பதை அவர்களால் அறிந்திருக்க முடியும் என்கிறார். காலத்தின்மேல் பழிபோட்டால் மனச்சான்று தப்பிவிடும். கேடான முறையைக் காட்டிலும், அம்முறையைக் கையாண்டவனின் உள்ளத்தைத் தேடிப் போகிறார் அவர். அங்கே அவர் காண்பது அச்சத்தை: ஊரின் எதிர்பார்ப்பை ஏமாற்றிவிடுவோமோ என்ற அச்சம், குற்றவாளி இல்லை என்று சொல்ல நேர்ந்துவிடுமோ என்ற அச்சம்.

நாவிதர் மோரா வதைபட்ட மாதத்திலேயே, 390 ஆண்டுகளுக்குப்பின், 2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஊரடங்கில் அனுமதித்த நேரத்திற்குமேல் தங்கள் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தனர் என்பது சொல்லப்பட்ட குற்றம். 22 ஆம் நாள் மகனும் 23 ஆம் நாள் தந்தையும் இறந்தனர். காவலர் சிலர்மீது மத்தியப் புலனாய்வுத் துறை கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த நிலையத்தில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், தாம் கண்டதை நீதித்துறை நடுவரிடம் அஞ்சாமல் சொன்னார். பழித்தூணின் வரலாற்றில் இத்தகைய ஒரு சாட்சி கிடைத்திருந்தால் மன்சோனி எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

கடையடைப்பு நேரம் என்னும் விதி தவறானதா? கூட்டத்தைக் குறைக்க அது பயன்பட்டிருக்கலாம். ஆனால் எந்த விதியும் அந்த இரவைக் கட்டளையிடவில்லை. அது விதியின் விளைவு என்றோ, நோய்க்காலத்தின் பதற்றம் என்றோ சொல்பவர், வெர்ரியின் வழியே தப்பிக்கப் பார்க்கிறார். அதைச் செய்த கைகளுக்கு அது தவறு என்று தெரியும்.

விதியை அளக்கும் முறை

குருமடத்தில் அறநெறி இறையியல் வகுப்பில் நாம் மனனம் செய்த ஒரு வரையறை உண்டு. புனித தோமா அக்வினாஸ் சட்டத்திற்கு நான்கு அடையாளங்கள் காட்டுவார். அது அறிவுக்கு ஒத்திருக்க வேண்டும். பொதுநலத்தை நோக்க வேண்டும். சமூகத்தின் பொறுப்பை ஏற்றவர் இயற்ற வேண்டும். முறையாக அறிவிக்கப்பட வேண்டும். வாசகர் வட்டத்து நண்பர்கள் இருவருக்கும் இவ்வளவுகோலைக் கொடுக்க விரும்புகிறோம்.

அறிவிப்பைப் பார்ப்போம். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுதும் ஊரடங்கு. நான்கு மணி நேரம். வீடுள்ளவனுக்கு அது போதும். செங்கற்சூளையிலும் கட்டடத் தளத்திலும் படுத்துறங்கிய புலம்பெயர் தொழிலாளிக்குப் போதாது. நடந்தார்கள். மே 8 அன்று மகாராட்டிர மாநிலம் ஔரங்காபாத் அருகே இருப்புப்பாதையில் களைத்துறங்கிய 16 பேர் சரக்கு இரயில் ஏறி இறந்தனர். இடம்பெயர்ந்த தொழிலாளர் எத்தனை பேர் இறந்தனர் என்ற கணக்கு தம்மிடம் இல்லை என்று செப்டம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. எண்ணப்படாதவர் பொதுநலத்தின் 'பொது'வுக்குள் வந்தவர் ஆவரா? நமது மாநிலத்திலும், ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரை நகரங்களில் முழு ஊரடங்கு என்று இரண்டு நாளுக்கு முன் அறிவித்தபோது, 25 ஆம் நாள் கடைவீதிகளில் தோளோடு தோள் உரசிய கூட்டத்தை நாம் பார்த்தோம். கூட்டத்தைத் தடுக்க வந்த ஆணையே ஒரு கூட்டத்தைக் கூட்டிவிட்டது.

அறிவுக்கு ஒத்திருத்தலைப் பார்ப்போம். வழிபாட்டிடங்கள் மூடியிருக்கையில் மே 7 அன்று மதுக்கடைகள் திறந்தன. உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அவ்வாணைக்குத் தடை விதித்தது. கடைகள் மீண்டும் திறந்தன. கோவில்கள் யாவும் திறக்கச் செப்டம்பர் 1 வரை காத்திருந்தோம். நம் மக்கள் அன்று எழுப்பிய கேள்வி வெறும் பக்தியின் ஆத்திரம் அன்று. விதிக்குக் காரணம் சொல்லாதபோது விதியின்மேல் உள்ள நம்பிக்கை கரைகிறது என்பதே அதன் பொருள்.

நேர்மையாகப் பேசினால், மறுபக்கமும் உண்டு. அரிசி அட்டைதாரர்க்கு 1000 ரூபாயும் விலையில்லா அரிசியும் வந்தன. அம்மா உணவகங்கள் பசியாற்றின. கிராமச் செவிலியரும் தூய்மைப் பணியாளரும் வாசல் வாசலாக வந்தனர். கதவடைப்பு நமக்கு நேரம் வாங்கித் தந்தது. மூடியதே கொடுங்கோன்மை என்பவர்கள் லொம்பார்தியைப் பார்க்கட்டும். அங்கே நெம்ப்ரோ, அல்சானோ ஊர்களை உரிய நேரத்தில் அடைக்கவில்லையே என்பதுதான் வழக்கு. 2023 இல் முன்னாள் பிரதமர்மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. உறவினரின் கண்ணீர் கைவிடப்படவில்லை. பெர்காமோவிலிருந்து சவப்பெட்டிகளை இராணுவ வண்டிகள் சுமந்துசென்ற 2020 மார்ச் இரவை யார் மறப்பர்?

ஆக, மூடியது சரியா என்ற ஒற்றைக் கேள்வி போதாது. தெரியாமல் செய்தவை எவை, தெரிந்தும் செய்தவை எவை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். புதிய நோய் ஒன்றின் வேகம் தெரியாமல் ஓர் அரசு தடுமாறியதை மன்னிக்கலாம். நடப்பவர் நடப்பார் என்பது மார்ச் 24 இலேயே தெரிந்திருக்கக் கூடியது. அதற்குக் காலத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

நமது பங்கு

இந்த அளவுகோலை அரசின்மேல் மட்டும் வைத்துவிட்டு நாம் நழுவக் கூடாது. 2020 மார்ச் இறுதியில், தில்லி நிசாமுதீனில் நடந்த முஸ்லிம் மாநாட்டிலிருந்து நோய் பரவிய செய்தி வந்தது. அது செய்தி. ஆனால் சில நாள்களில் அது பழியாயிற்று. வேண்டுமென்றே எச்சில் பூசி நோயைப் பரப்புகிறார்கள் என்ற காட்சிகள் கைப்பேசிகளில் பறந்தன. 'உந்தோரி' திரும்பி வந்துவிட்டார்கள்! ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அம்மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர்மீதான வழக்குகளை நீக்கி, அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டனர் என்ற கருத்தையும் சொன்னது. நம் பங்கின் கைப்பேசிக் குழுவிலும் அத்தகைய காட்சி ஒன்று வந்தது. நாமும் பார்த்தோம். அனுப்பியவர் பங்கில் மதிப்புள்ளவர். மறுத்து ஒரு வரி எழுதவில்லை. ஊரின் எதிர்பார்ப்பை ஏமாற்ற அஞ்சினோம்.

இன்னொன்றும் உண்டு. 2020 மார்ச் 15 மூவேளைச் செபவுரையில், மக்களோடு நெருங்கியிருக்க ஆயிரம் வழி கண்ட லொம்பார்திக் குருக்களைத் திருத்தந்தை பாராட்டினார். கொள்ளைநோய்க் காலத்தில் தொன் அபோந்தியோவாக இருக்கக் கூடாது என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள் என்றார். அந்த வசந்தத்தில் இத்தாலியில் நூற்றுக்கும் மேற்பட்ட குருக்கள் நோயால் இறந்தனர். தொன் அபோந்தியோ தீயவர் அல்லர். எல்லா விதிகளையும் அறிந்தவர். திருமணத்தை நடத்தாமலிருக்க, ரென்சோவிடம் இலத்தீன் மொழியில் சட்டத்தடைகளை அடுக்கியவர்.

2021 மே மாதம், நம் பங்கின் கிளையூரில் ஒரு மூதாட்டி நோயில் கிடந்தார். தெரு தகரத்தால் அடைக்கப்பட்டிருந்தது. நோயில்பூசுதல் கேட்டு மகள் தொலைபேசியில் அழைத்தார். விதி இடம் தரவில்லை அம்மா என்றோம். தொலைபேசியிலேயே செபித்தோம். மூன்றாம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். கிராமச் செவிலியர் பாதுகாப்பு உடையணிந்து அத்தெருவுக்குள் நாள்தோறும் போய்வந்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம். அலுவலரிடம் நாம் அனுமதி கேட்டிருந்தால் அவர் மறுத்திருக்கலாம். நாம் கேட்கவே இல்லை. விதியின் எழுத்தைத் தாண்டி அதன் நோக்கத்தைத் தேடும் நற்பண்புக்கு 'எப்பிக்கேயா' என்று பெயர். அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவர் நாம். அன்று நம்மைத் தடுத்தது விதி அன்று. விதி நமக்கு வசதியாக இருந்தது. வாசகர் வட்டத்தில் நமக்கு நா எழாததன் காரணம் இதுவே.

முடிவாக

நாவலின் குறைகளைச் சொல்லாமல் விடலாகாது. மன்சோனியின் கூட்டத்திற்கு முகமில்லை. எளிய மக்களை அவர் மேலிருந்து பரிவோடு பார்க்கிறாரே அன்றி அவர்களில் ஒருவராக நின்று பார்க்கவில்லை என்று கிராம்ஷி வைத்த விமரிசனத்தில் உண்மையுண்டு. நோயாளர் தனிமையிடத்தைத் துறவிகள் எவ்வளவு அன்போடு நடத்தினர் என்று சொல்பவர், அடைபட்டோர் என்ன நினைத்தனர் என்பதைக் குறைவாகவே சொல்கிறார். நடந்தே ஊர்போன தொழிலாளியின் கதையை எழுத நமக்கு வேறொரு மன்சோனி வேண்டும்.

எனினும் முப்பத்துநான்காம் அதிகாரத்தின் ஒரு காட்சிக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். தெருவில் பிணவண்டி நிற்கிறது. ஒரு தாய், இறந்துபோன தன் சிறுமகளை வெள்ளாடை உடுத்தி, தலைவாரி, திருவிழாவுக்குக் கூட்டிப்போவதுபோல் ஏந்திவருகிறாள். பிணம் அள்ளிப் பழகிய முரடன் கை நீட்டுகிறான். அவள் விலகி, அவன் கையில் காசு வைத்து, குழந்தையின் உடையைத் தொடவேண்டாம் என்று கேட்டு, தானே வண்டியில் படுக்கவைக்கிறாள். மாலையில் எனக்காகவும் வாருங்கள் என்கிறாள். அம்முரடன் பணிவோடு இடம் ஒதுக்கித் தருகிறான். சட்டம் மாறவில்லை. வண்டியும் நிற்கவில்லை. ஆனால் ஒரு கணம் அங்கே இரண்டு மனிதர்கள் இருந்தார்கள்.

நம் மூதாட்டியின் அடக்கத்தில் இதற்கு நிகரான ஒன்றைக் கண்டோம். நால்வருக்கே அனுமதி. உடல் உறையிடப்பட்டிருந்தது. அருகே வரக் கூடாது. மகள் கையில் தாயின் செபமாலை. குழிக்குள் இறக்கும் முன், பேரூராட்சித் தூய்மைப் பணியாளர் ஒருவர் யாரும் சொல்லாமலே நின்றார். கையுறை அணிந்த கையை நீட்டி அந்தச் செபமாலையை வாங்கினார். உறையின்மேல் நெஞ்சருகே வைத்தார். பிறகு இறக்கினார். எந்த விதியும் மீறப்படவில்லை. அவர் கிறிஸ்தவர் அல்லர்.

நாம் பூசத் தவறிய இடத்தில் அவர் கை பூசியது என்றே நம்புகிறோம்.